சும்மா சொல்லத் தெரியாத ராத்தா

ஒரு கிழமைக்குக் கரண்ட் இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதி, ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். பாங்கில் வேலை செய்யும் ஒருத்தி மெழுகுதிரி வாங்குவேன் என்றாள். இன்னொருத்தி உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அவளுடைய உம்மா இருப்பது பக்கத்து வளவில். அங்கே மட்டும் கரண்ட் இருக்குமா என்று எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பில் மூத்தவரான ராத்தா எழும்பி, சிமினி விளக்கு வாங்கி வைப்பேன் என்ற கருத்தில் ஒரு வசனம் சொன்னார். வினைச்சொல் பிழை. திருத்தினேன். அதோடு அந்தப் பாடம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வகுப்புக்கு அவர் ஒரு கடதாசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். உள்ளே இரண்டு சிமினி விளக்குகள், திரி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.

"டீச்சர், எனக்கு வாங்கக்குள்ள உங்களுக்கும் ஒண்டு எடுத்தன்."

"என்னத்துக்கு ராத்தா?"

"நீங்கதானே கேட்டீங்க, கரண்ட் இல்லாட்டி என்ன செய்வீங்க எண்டு. வீட்ட போய்த் தேடிப் பார்த்தன். ஒரு விளக்கும் இல்ல. எனக்கு வெக்கமாப் போச்சு."

பிறகொரு காலம் நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் குசினியில் எரிந்தது அந்த விளக்குத்தான்.

கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அந்த வகுப்பை நடத்தினேன். பகலில் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பேன். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, வேலை பார்க்கும் பெண்களுக்கும் குடும்பப் பெண்களுக்கும் பேச்சு ஆங்கிலம். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் யாரும் நேரம் பிந்தி வருவதில்லை.

ராத்தா மிட்வைஃப். வெள்ளைச் சீருடையில், ஒரு பழைய ஸ்கூட்டியில், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற வேலை. பிறந்த ஊர் சம்மாந்துறை. மாற்றலாகிக் கல்முனைக்கு வந்து, இங்கேயே வளவு வாங்கி வீடு கட்டிக்கொண்டவர். ஐம்பது வயதைத் தொட்டிருந்தார். ஊரில் எல்லாரும் அவரை மிஸ் என்பார்கள். வகுப்பில் நானும் மிஸ். முதல் நாளே அவர் ஒரு தீர்வு சொன்னார். "உங்கள நான் டீச்சர் எண்டு கூப்பிடுறன். என்ன எல்லாரும் ராத்தா எண்டு கூப்பிடுங்க. நான்தானே இஞ்ச மூத்தவ." அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் மூத்த சகோதரியானார்.

ஏன் இந்த வயதில் ஆங்கிலம் என்று கேட்டதற்கு அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"கொழும்பில ட்ரெய்னிங் எண்டா எல்லாம் இங்கிலீஸ். அவங்க சிரிச்சா நானும் சிரிக்கிற. எதுக்குச் சிரிக்கிறன் எண்டு எனக்கே தெரியா. ஒரு நாளைக்காவது விளங்கிச் சிரிக்கோணும்."

'இஃப்' வைத்துச் சொல்லும் வசனங்களுக்கு வந்தபோதுதான் அவருடைய குணம் எனக்குப் பிடிபட்டது. நடக்கக்கூடியது என்றால் நிகழ்காலம் போடுங்கள், இல்லாத ஒன்றைக் கற்பனை பண்ணிச் சொல்வதென்றால் இறந்தகாலம் போடுங்கள் என்று விளக்கினேன். என்னிடம் கார் இருந்தால் கொழும்புக்குப் போவேன் என்பதற்கு 'ஹேவ்' வராது, 'ஹேட்' வரும்.

ராத்தா கை உயர்த்தினார். "டீச்சர், இல்லாத சாமானுக்கு ஏன் முடிஞ்ச காலத்தப் போடுற? ஹேட் எண்டா இருந்திச்சு எண்டுதானே கருத்து? எனக்கிட்டக் கார் இப்பவும் இல்ல, முந்தியும் இருந்ததில்ல."

நடக்காத விசயத்தைக் கொஞ்சம் தூரத்தில் தள்ளி வைத்துப் பேசுவதற்காக அப்படி என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் முகத்தில் விளங்கிய குறி இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சரி டீச்சர். வியாழக்கிழமையும் மழை பெய்ஞ்சா நான் வரமாட்டன். நனைஞ்சா ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகாது."

எனக்குச் சட்டென்று ஒன்று பட்டது. "ராத்தா, இப்ப என்ன சொன்னீங்க?"

"ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகாது எண்டன்."

"அதுக்கு முதல்?"

"மழை பெய்ஞ்சா."

"பெய்ஞ்ச மழை எண்டா எப்ப பெய்ஞ்ச மழை?"

"நேத்து பெய்ஞ்சது. முந்தாநாள் பெய்ஞ்சது."

"அப்ப வாற வியாழக்கிழமை மழைக்கு ஏன் பெய்ஞ்சா எண்டு சொல்றீங்க?"

வகுப்பில் இருந்தவர்கள் ஒருவர் மாறி ஒருவர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார்கள். வந்தா. போனா. திண்டா. கேட்டா. எல்லாவற்றுக்குள்ளும் முடிந்துபோன காலம் குந்திக்கொண்டிருந்தது. எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் படிப்பித்தும் என் சொந்த மொழியை நான் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. "அட, நாமளும் இதத்தானே செய்யிறம்!" என்றாள் பாங்குக்காரி. ராத்தாவுக்குப் பெரிய சந்தோஷம். "அப்ப இங்கிலீஸ்காரனும் நம்மளப் போலத்தான்" என்று அவனை மன்னித்துவிட்டார்.

அதன் பிறகு எந்த வசனத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இது ஏலுமா, ஏலாதா?" நான் பறவையாக இருந்தால் என்று தொடங்கினால், "ஏலாது டீச்சர், விடுங்க" என்பார். நான் ஜனாதிபதியாக இருந்தால் என்றாலும் அதே மறுமொழி. ஏலும் என்று பட்டுவிட்டால்தான் ஆபத்து. எனக்கு ஒரு தோட்டம் இருந்தால் முருங்கை நடுவேன் என்று ஒருத்தி சொன்னாள். மறுகிழமை ராத்தா ஸ்கூட்டியின் முன்பக்கம் முருங்கைத் தடிகளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "தோட்டம் வேணாம் புள்ள. வேலிக் கரையில நட்டாலே வரும்."

வகுப்பில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் நான் ஜோடி ஜோடியாகக் கேள்வி கேட்கச் சொன்னேன். ராத்தா அவளைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு பிழையும் இல்லாமல் கேட்டார். "இஃப் த பேபி கேம் டுடே, ஹூ வுட் டேக் யூ?" இன்றைக்கே குழந்தை வந்தால் உன்னை யார் கூட்டிப் போவது?

அவர் வாயிலிருந்து வந்த முதல் சரியான கற்பனை வசனம் அது. நான் கைதட்டப் போனேன். அந்தப் பெண்ணோ முழித்தாள். புருசனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. வாப்பாவுக்குக் கண் பார்வை குறைவு. ராத்தா ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டார். படிகளில் இறங்கிப் போய், கீழே நின்ற ஆட்டோக்காரர் ஒருவரிடம் கதைத்து, அவருடைய இலக்கத்தை அவளுடைய போனில் பதிந்து கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். அந்த ஆட்டோவில்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எல்லா நேரமும் இது இனிமையாக முடிந்ததில்லை. புதிதாகக் கலியாணம் முடித்த ஒருத்தி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் எல்லாரும் அவளைச் சின்னவ என்றே கூப்பிடுவோம். என் கணவர் விட்டால் நான் ஸ்கூட்டி ஓடப் பழகுவேன் என்று ஒரு வசனம் சொன்னாள். இலக்கணம் சரி. நல்லது என்றேன். அன்று வகுப்பு முடிந்ததுமே ராத்தா அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, வெளியே வந்த கணவனிடம் நேராகவே கேட்டிருக்கிறார். "ஏன் தம்பி, புள்ளைக்கு ஸ்கூட்டி பழக நீங்க விடல்லையாமே?"

அந்த மனிதர் திகைத்துப் போனார். அவர் மறுத்ததே இல்லை. அவளும் கேட்டதே இல்லை. ராத்தா கேட்டது அவருடைய உம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது. வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. சின்னவ இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று ராத்தாவுக்கு எட்டத்தில் இருந்துகொண்டே சொன்னாள். "அது வசனத்துக்குச் சொன்ன கதை ராத்தா. எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வீட்ட வந்தா நாங்க என்னெண்டு கதைக்கிற?"

ராத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு எல்லாருக்கும் முன்னால் சொன்னார். "சும்மா சொல்ற கதையும் இருக்கு எண்டு எனக்கு யோசினை வரல்ல புள்ள. எங்கட வேலையில ஒருத்தி வலிக்குது எண்டு சொன்னா, ஓடிப் போகோணும். அந்தப் பழக்கம். மன்னிச்சுக்க."

சின்னவ மன்னித்தாளோ என்னவோ, கொஞ்ச நாளில் அவள் கணவரே அவளுக்கு ஸ்கூட்டி பழக்கினார். ஆனாலும் மற்றவர்கள் ராத்தாவுக்கு முன்னால் கொஞ்சம் பார்த்துத்தான் ஆசைப்பட்டார்கள்.

மூன்றாவது வகை வசனம் வந்தது. நடந்து முடிந்ததை, வேறு மாதிரி நடந்திருந்தால் என்று சொல்வது. நான் முந்தி வந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். ராத்தா பேனையை மூடி வைத்துவிட்டார்.

"இது எனக்கு வேணாம் டீச்சர். அப்படிச் செய்திருந்தா இப்படி ஆகியிருக்கும் எண்டு கதைக்கக் கூடாது எண்டு மார்க்கத்தில இருக்கு. ஷைத்தான் அந்த வாசலாலதான் உள்ளுக்கு வருவானாம்."

"இது பஸ்ஸைப் பற்றின வசனம் ராத்தா."

"பஸ்ஸிலதான் தொடங்கும்" என்றார். "சோதினை வெச்சா எழுதுறன். வாயால சொல்ல மாட்டன்."

நான் கட்டாயப்படுத்தவில்லை. அதைத் தாண்டி, பழையபடி இரண்டாவது வகைக்கே திரும்பினேன். கனகாலம் காணாத ஒருவரைக் கண்டால் என்ன செய்வீர்கள்? கேள்வி சுற்றி வந்தது. சவூதியில் இருக்கும் கூடப்பிறந்த காக்கா, கூடப் படித்த சினேகிதி, பழைய டீச்சர் என்று ஒவ்வொருவரும் ஒருவரைச் சொன்னார்கள். ராத்தாவின் முறை வந்தது. அவர் எழும்பினார். "மற்ற ஆளக் கேளுங்க டீச்சர்" என்று கதிரையில் இருந்துவிட்டார். எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாகக் கை உயர்த்துகிறவர், வகுப்பு முடியும் வரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கேற்றடியில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. ராத்தா சீருடை இல்லாமல், கறுப்பு அபாயாவில், ஒரு பை நிறைய மாம்பழத்தோடு நின்றார்.

"டீச்சர், வீரமுனை வரைக்கும் துணைக்கு வருவீங்களா? தனியப் போனா பாதி வழியில திரும்பிடுவன்."

அவர் எதற்காவது பயந்து நான் கண்டதில்லை. மறு பேச்சில்லாமல் பின்னால் ஏறினேன். சாய்ந்தமருதைத் தாண்டினோம். காரைதீவுச் சந்தியில் திரும்பி, இரண்டு பக்கமும் வயல் திறந்த பிறகுதான், முன்னால் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

சம்மாந்துறையில் அவருடைய வாப்பாவின் வயலும், பக்கத்து ஊரான வீரமுனைத் தமிழர் ஒருவரின் வயலும் ஒட்டின வயல்கள். ஒரே வாய்க்கால் தண்ணீர். அந்த மனிதருக்கும் ஒரு மகள். வேளாண்மைக் காலத்தில் இரண்டு பெண்பிள்ளைகளும் வயலுக்குச் சோறு கொண்டு வருவார்கள். கிளி விரட்டுவார்கள். மணிக்கணக்கில் வரம்பில் இருந்து கதைப்பார்கள். குமர்ப் பிள்ளைகளான பிறகும் அது விட்டுப்போகவில்லை. ராத்தாவுக்கு மிட்வைஃப் பயிற்சி கிடைத்து மட்டக்களப்புக்குப் போனபோது, பஸ் ஏற்றி விட வந்ததும் அவள்தான்.

"தமிழ் முஸ்லிம் கலவரம் வரக்குள்ள நான் ட்ரெய்னிங்கில. ரோட்டெல்லாம் பூட்டு. நான் ஊருக்கு வாறதுக்குள்ள அவட ஊர்ச் சனம் அகதியாப் போயிட்டாங்க. எந்த முகாம் எண்டும் எனக்குத் தெரியும் டீச்சர். ரோடு திறந்த புறகு போயிருக்கலாம். பயம். மற்றது, ஊரில என்ன சொல்லுவாங்க எண்டு. புறகு அவங்க திரும்பி வந்திட்டாங்க எண்டும் கேள்விப்பட்டன். அது கனகாலம்."

"அப்ப ஏன் போகல்ல?"

"அவ கேப்பா. ஏன் அப்ப வரல்ல எண்டு கேப்பா. நான் என்ன மறுமொழி சொல்ற?"

கோயில் தாண்டி, ஒரு கடையில் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தோம். சீமெந்துச் சுவர் வைத்த சின்ன வீடு. முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நரை விழுந்த ஓர் அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் நின்று, "ஆர் நீங்க? ஆரத் தேடி வந்தனீங்க?" என்றார்.

ராத்தா மாம்பழப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு மாதிரிச் சொன்னார்.

"நான்தான்கா. பக்கத்து வயல்."

அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நெல்லை மிதித்தபடியே கிட்ட வந்தார். திடீரென்று சத்தம் போட்டார். "அடி கள்ளி! எங்கட வரம்ப வெட்டித் தண்ணி களவெடுத்தவள்!"

"நான் எங்க களவெடுத்தன்? நீதானே முதல் வெட்டினாய்!"

முற்றத்தின் நடுவில், காயும் நெல்லின் மேல் நின்றுகொண்டு, இரண்டு பேரும் பழைய தண்ணீருக்குச் சண்டை பிடித்தார்கள். உள்ளே இருந்து மருமகள் பயந்து ஓடி வந்தாள். அவள் வரும்போது மாமியாரும் ராத்தாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். மருமகளுக்கு நான் என்ன சொல்வது? "பழைய சினேகிதிகள்" என்றேன்.

தேத்தண்ணி வந்தது. பிள்ளைகள், கலியாணங்கள், மௌத்தாகிப் போனவர்கள் என்று நிறையக் கதைத்தார்கள். இரண்டு பேருடைய தகப்பன்மாரும் இப்போது இல்லை. ஏன் அப்போது வரவில்லை என்று மட்டும் அந்த அம்மா கேட்கவில்லை. கேட்காதது ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வாயால் சொல்ல மாட்டேன் என்று வகுப்பில் சொன்ன வசனத்தை அவரே தொடங்கினார்.

"நான் அப்ப வந்திருந்தா..."

அவர் முடிப்பதற்குள் அந்த அம்மா வசனத்தை எடுத்துக்கொண்டார்.

"வந்திருந்தா என்ன செய்திருப்பாய்? வீட்டுக்கு வந்திருந்தா பூட்டின கதவத் தட்டிப்போட்டுப் போயிருப்பாய். முகாமுக்கு வந்திருந்தா உன்ன இருத்த எனக்கு ஒரு பாய் இல்ல. ரெண்டு பேரும் அழுதிருப்பம். அங்க அழுகிறதுக்கு ஆள் குறைவில்ல."

பிறகு முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார். "ஆனா வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். பொய் சொல்ல மாட்டன். எனக்குக் கோபம் இருந்தது. கனகாலம் இருந்தது. மறுகா அது எப்ப போனதெண்டு தெரியா."

ராத்தா தலை குனிந்து, "ஓம்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை.

"இருங்க, சோறு திண்டுட்டுப் போங்க" என்று எழும்பினார் அந்த அம்மா. "மீனும் கீரையும்தான். நீங்க திண்ணலாம்."

எனக்கு இரண்டு தரம் சோறு போட்டார். ராத்தாவுக்கு எத்தனை தரம் போட்டார் என்று நான் பார்க்கவில்லை. ராத்தா வேண்டாம் என்று ஒருமுறையும் சொல்லாததைத்தான் கவனித்தேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டி மெல்லப் போனது. வழி முழுக்க அவர் கதைத்துக்கொண்டே வந்தார். அந்த மருமகளுக்கு முகம் வெளிறிக் கிடக்கிறதாம், இரத்தம் சோதிக்கச் சொல்லியிருக்கிறாராம். அந்த வீட்டு நெல்லைக் குரங்கு நாசமாக்குகிறதாம், அதற்கு என்ன செய்யலாம் என்று தனக்குத் தெரியுமாம்.

அடுத்த வகுப்புக்கு எல்லாருக்கும் முதல் வந்துவிட்டார். "போன வகுப்பில உங்களக் காணல்லையே ராத்தா?" என்று கேட்டது சின்னவதான்.

"சொல்றன். இங்கிலீஸில சொல்றன்" என்று ராத்தா எழும்பிப் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. வயலில் இருந்து தொடங்கினார். ஐ கோ. ஷீ கம். ஷீ ஷௌட். ஷீ கிவ் ரைஸ். தெரியாத சொல் வந்தால் கையால் காட்டினார். வரம்பு வெட்டுவதைக் குனிந்து வெட்டிக் காட்டினார். சண்டையை இரண்டு குரலிலும் பிடித்துக் காட்டினார். விளங்கித்தான் எல்லாரும் சிரித்தார்கள். முகாமும் பாயும் வந்த இடத்தில் பாங்குக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நானும் இடையில் திருத்தப் போகவில்லை.

அவர் முடித்து வந்து கதிரையில் இருந்த பிறகு, படிப்பிக்கிற புத்தி என்னை விடவில்லை. "நல்லாச் சொன்னீங்க ராத்தா. ஒண்டே ஒண்டு. எல்லாம் நிகழ்காலத்தில வந்திட்டு. ஐ கோ இல்ல, ஐ வென்ட். முடிஞ்ச விசயம்தானே."

ராத்தா என்னைப் பார்த்தார்.

"எங்க டீச்சர் முடிஞ்ச? வாற ஞாயிறும் போறன்."